சாம்பிள் அலமாரியில் எதை வைப்பது, எதை எறிவது?

வீட்டு உள் அலங்காரத் தொழிலில் இருப்பவர்களும் இறங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழில் செய்யும் எங்கள் வடிவமைப்பாளர் பதில் தருகிறார்.

வீட்டிலேயே ஒரு படுக்கையறையை அலுவலகமாக மாற்றப்போகிறேன். 10-க்கு 11 அடி. வடக்கில் ஒரு ஜன்னல், மேற்கில் ஒரு ஜன்னல். சுவருக்கு இளம் பச்சை அடித்திருக்கிறோம். மேசை, அலமாரியை எப்படிப் போடுவது? எதில் தொடங்குவது?
— வாசகி, திருச்சி

மேசையை விடுங்கள், முதலில் சுவரைப் பாருங்கள். அந்த இளம் பச்சை போகட்டும். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும். அதன் பக்கத்தில் நீங்கள் விரிக்கும் சாம்பல் லேமினேட்டும் (பலகை மேல் ஒட்டும் அச்சுத் தகடு) கிரீம் துணியும் உள்ள நிறத்தில் தெரியாது. மஞ்சள் கலக்காத வெள்ளையோ மிக இளம் சாம்பலோ, பளபளப்பில்லாத பூச்சாக அடியுங்கள். "ஒரு வடிவமைப்பாளர் அறை இப்படியா வெறுமையாக இருக்கும்?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நிறம் மேசை மேல் இருந்தால் போதும்.

அடுத்தது ஜன்னல். வடக்கு வெளிச்சம் நாள் முழுவதும் சீராக இருக்கும் என்று வெளிநாட்டுப் பாடநூல்கள் சொல்லும். நம் ஊரில் அது பாதி உண்மை. திருச்சியில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில், முக்கியமாகக் காலையிலும் மாலையிலும், வடக்கு ஜன்னல் வழியாகவும் சாய்வாக வெயில் உள்ளே வரும். எனவே அந்த ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று வேண்டும். வெள்ளை என்றால் வெள்ளைதான். வீட்டில் கிடக்கும் ரோஜா நிறத் திரை வேண்டாம். மேற்கு ஜன்னலில் கனமான திரையோ வெளிப்புறத் தட்டியோ போட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் சாம்பிள் எதையும் வெயில் படும்படி வைக்காதீர்கள். தேக்கு வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஆறு மாதம் மேற்கு வெயிலில் இருந்தால் அதன் நிறம் வேறாகிவிடும். பிறகு அதைக் காட்டி ஆர்டர் வாங்கினால், வந்து இறங்கும் புதுத் தகட்டைப் பார்த்து வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். தவறு அவருடையதாக இருக்காது.

இனி மேசை. உங்களுக்கு இரண்டு உயரங்களில் வேலை உண்டு. கணினிக்கும் வரைபடத்துக்கும் உட்கார்ந்து வேலை செய்ய 30 அங்குலம். சாம்பிள்களைப் பரப்பிப் பார்க்க நின்ற நிலையில் 36 அங்குலம். சாம்பிளை உட்கார்ந்து பார்த்துப் பழகியவர்கள் தலையைக் குனிந்து தங்கள் நிழலையே அதன் மேல் விழவைப்பார்கள். நின்று வேலை செய்யும் மேடையை 5 அல்லது 6 அடி நீளம், 2 அடி அகலத்தில் கிழக்குச் சுவரை ஒட்டிப் போடுங்கள். அதன் ஒரு முனை வடக்கு ஜன்னலின் பக்கம் இருக்கட்டும். வெளிச்சம் நேர் எதிரிலிருந்து வந்தால் பளபளப்பான பரப்பு கண்ணைக் கூசவைக்கும். பக்கவாட்டில் வந்தால்தான் சொரசொரப்பும் கோடும் புடைத்துத் தெரியும். மேடையின் மேற்பரப்பும் வெள்ளை அல்லது சாம்பல், மேட் பூச்சு.

அலமாரிக்குத் தெற்குச் சுவர். மேடைக்கும் மற்ற மேசைக்கும் நடுவே 3 அடியாவது வழி விடுங்கள்; கையில் ஒரு தட்டு சாம்பிளோடு திரும்ப வேண்டுமே. கதவு எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. தெற்குச் சுவரிலேயே கதவு இருந்தால் அலமாரியை மேற்குச் சுவருக்கு மாற்றி, கதவு போட்ட அலமாரியாகச் செய்துகொள்ளுங்கள்.

விளக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம். ஆனால் நீங்கள் வடிவமைக்கும் வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் நீங்களே 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தைத்தான் போடச் சொல்வீர்கள். அப்படியானால் மேடைக்கு மேலே இரண்டு வகை விளக்கும் வேண்டும், தனித்தனி சுவிட்சில். இரண்டு பொருள்கள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகவும் மற்றொன்றின் கீழ் வெவ்வேறு நிறமாகவும் தெரியும். தேக்கு வெனீரையும் தேக்கு அச்சிட்ட லேமினேட்டையும் அருகருகே வைத்து சுவிட்சை மாற்றிப் போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். ஒன்று மரம், மற்றொன்று அச்சு மை. இரண்டும் வெளிச்சத்தை ஒரே மாதிரி வாங்கித் திருப்பிவிடுவதில்லை. விளக்கு வாங்கும்போது பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். நிறத்தை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது, உச்சம் 100. சாதாரண எல்.இ.டி. விளக்குகள் 80 அளவில் இருக்கும். மேடைக்கு மட்டும் 90-க்கு மேல் உள்ளதை வாங்குங்கள். மற்ற இடங்களில் எது எரிந்தாலும் எனக்குக் கவலையில்லை.

லேமினேட் கம்பெனிக்காரர்கள் கொடுத்த ஃபோல்டர்களே ஒரு சுவர் அளவுக்குச் சேர்ந்துவிட்டன. தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. இன்னொரு அலமாரி செய்யலாமா?
— வாசகர், மதுரை

வேண்டாம், தம்பி. இருக்கிற அலமாரியைக் காலி செய்யுங்கள்.

ஃபோல்டர் என்பது கம்பெனியின் விளம்பரம். அது கம்பெனி வாரியாக, அவர்களின் வரிசை எண்படி அடுக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் உங்களிடம் வந்து கம்பெனி பெயரையா கேட்கிறார்? "கொஞ்சம் வெளிறிய மரக்கலர், ரொம்பக் கோடு வேண்டாம்" என்றுதான் கேட்கிறார். ஆகவே துண்டுகளைப் பிரித்தெடுத்து முதலில் மரக்கோடு, ஒரே நிறம், கல் மாதிரி, துணி மாதிரி என்று வகை பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு வகைக்குள்ளும் வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை அடுக்குங்கள். ஆழம் குறைந்த இழுப்பறைகளில் நெட்டுக்குத்தாக நிற்கவைத்தால், மேலே தெரியும் விளிம்பை வைத்தே தேடிவிடலாம். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளது வெளியே வரவே வராது.

பிரிப்பதற்கு முன் ஒரு வேலை உண்டு, அதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு துண்டின் பின்புறமும் கம்பெனி, குறியீட்டு எண், பூச்சின் வகை, தடிமன் (0.8 மி.மீ. ஒரு விலை, 1 மி.மீ. வேறு விலை), கொடுத்த வியாபாரி, சேர்த்த மாதமும் ஆண்டும் இருக்கவேண்டும். விலையை எழுதுவதாக இருந்தால் பென்சிலில் எழுதுங்கள். பின்புறம் வெறுமையாக உள்ள துண்டு, எத்தனை அழகாக இருந்தாலும் குப்பைதான். வாடிக்கையாளருக்குப் பிடித்துப்போனால் அதை எங்கே போய் வாங்குவீர்கள்?

கம்பெனிகள் புதிய வரிசை வெளியிடும்போது பழையதில் பலவற்றை நிறுத்திவிடும். உங்களுக்குக் கடிதம் போட்டுச் சொல்லமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மதியத்தை ஒதுக்கி, அடிக்கடி காட்டும் எண்களை வியாபாரியிடம் படித்துக்காட்டி, "கைவசம் இருக்கிறதா, வரவழைக்க எத்தனை நாள்?" என்று கேளுங்கள். நின்றுபோனவை வெளியே போகட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைவேலைக்கு ஆசையாக வாங்கிக்கொள்வார்கள்.

இன்னொன்று: கையளவு துண்டை வைத்து மரக்கோட்டை முடிவு செய்யாதீர்கள். முழுத் தகடு 8-க்கு 4 அடி. அதில் கோடு எப்படி ஓடுகிறது, ஒரே முடிச்சு எங்கெங்கே மறுபடி வருகிறது என்பது துண்டில் தெரியாது. அலமாரிக் கதவு முழுக்க வரப்போகும் நிறம் என்றால் வாடிக்கையாளரைக் கடைக்கே அழைத்துப் போங்கள். சென்னையில் நாங்கள் சைடன்ஹாம்ஸ் சாலைக்கு அழைத்துப் போவோம். மதுரையிலும் உங்களுக்குத் தெரிந்த கிடங்கு இல்லாமலா இருக்கும்?

வாடிக்கையாளர்கள் சாம்பிளை "வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று எடுத்துப் போகிறார்கள். திரும்பி வருவதில்லை.
— வாசகி, சேலம்

வராது. முக்கியமான ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு வாங்கி வையுங்கள். ஒன்று அறையை விட்டு வெளியே போகக்கூடாது. எடுத்துப் போவதை ஒரு நோட்டில் எழுதி, அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதிவைத்த பொருளுக்குத் திரும்பும் பழக்கம் கொஞ்சம் உண்டு. உறவுக்காரர்கள் எடுத்துப் போனதை மட்டும் அன்றே மறந்துவிடுவது நல்லது.

கிரானைட், டைல்ஸ் துண்டுகளின் எடையில் அலமாரித் தட்டு வளைந்துவிட்டது. கல்லுக்கு எந்த மாதிரி அமைப்பு நல்லது?
— வாசகர், கோயம்புத்தூர்

எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அந்தத் தட்டை நீங்களே போட்டிருக்கமாட்டீர்கள். 18 மி.மீ. கிரானைட்டில் ஒரு சதுர அடி ஏறக்குறைய நாலரைக் கிலோ. பத்துத் துண்டு சேர்ந்தால் ஒரு மெலிந்த ஆளின் எடை. அதையே 6 அங்குலச் சதுரமாக வெட்டி வாங்கினால் ஒன்று ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். கடையில் மீந்த துண்டுகளை இலவசமாகவே தருவார்கள். வெட்டி, விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லி அதற்கு மட்டும் கூலி கொடுங்கள். கூரான விளிம்பு கையைக் கிழிக்கும். பக்கத்தில் உள்ள லேமினேட்டையும் கீறும்.

கல்லுக்கு எப்போதும் கீழ்த்தட்டுதான், முழங்காலுக்கு மேலே வேண்டாம். 18 மி.மீ. பிளைவுட், 2 அடிக்கு ஒரு தாங்கல். குறுக்கே மெல்லிய தடுப்புகள் வைத்து, புத்தகம்போல நிறுத்துங்கள். தடுப்புக்கு உள்ளே கொஞ்சம் ஃபெல்ட் துணி ஒட்டிவிட்டால் பளபளப்புப் பரப்பு கெடாது. இழுப்பறைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் சேனல் (இழுப்பறை ஓடும் தண்டவாளம்) எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

கல்லின் பெயரை நம்பாதீர்கள். காஷ்மீர் ஒயிட் என்ற பெயரில் விற்கும் கிரானைட் தமிழ்நாட்டில் வெட்டி எடுக்கப்படுவது. காஷ்மீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே பெயரில் வேறு வேறு குவாரிக் கற்களும் வரும். ஒரே குவாரியிலும் இன்று வெட்டியதும் அடுத்த ஆண்டு வெட்டுவதும் ஒன்றாக இருக்காது. எனவே கல் சாம்பிள் என்பது "இந்த மாதிரி" என்று காட்டத்தான். பலகையைத் தேர்ந்தெடுக்க வாடிக்கையாளரே கிடங்குக்கு வரட்டும். தேர்ந்த பலகைகளில் சாக்பீஸால் பெயரும் எண்ணும் எழுதி, எழுத்து தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸுக்கும் இதே எச்சரிக்கை வேறு விதத்தில் உண்டு. பெட்டியின் மேல் தயாரிப்புத் தொகுதி எண் இருக்கும். ஒரே டைல்ஸ், வேறு தொகுதி என்றால் தரையில் போட்ட பிறகு நிற வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆத்தங்குடி கல் வைத்திருக்கிறீர்களா? அதைத் தனியாக வையுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் நிறச் சிமெண்டை ஊற்றி, கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அது. சூளையில் சுட்ட டைல்ஸ் அல்ல. முகத்தோடு முகம் உரசினால் கீறல் விழும். கையால் செய்ததால் ஒன்றுக்கொன்று சிறிய வித்தியாசம் இருக்கும் என்பதை வாடிக்கையாளருக்கு முதலிலேயே சொல்ல, ஒரே வடிவத்தில் மூன்று நான்கு கற்களைச் சேர்த்து வையுங்கள். ஒரே ஒரு கல்லைக் காட்டினால், எல்லாம் அதே மாதிரி வரும் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

மழைக்காலத்தில் சோபாத் துணி சாம்பிள்கள் பூசணம் பிடிக்கின்றன. செயற்கைத் தோல் உரிந்து உதிர்கிறது. வால்பேப்பர் புத்தகத்தைப் பூச்சி அரிக்கிறது. பாச்சை உருண்டை போட்டால் போதுமா?
— வாசகி, நாகர்கோவில்

உங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. எங்களைவிட உங்களுக்குப் பாடு அதிகம்தான்.

பாச்சை உருண்டை வேண்டாம். அந்த வாடை துணியில் ஏறினால் இறங்காது, வாடிக்கையாளர் எடுத்த எடுப்பில் மூக்கைச் சுளிப்பார். துணிகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுவதை முதலில் நிறுத்துங்கள். ஈரம் உள்ளேயே தங்கிப் பூசணத்துக்கு வீடு கட்டித் தருகிறது. கொக்கிகளில் மாட்டித் தொங்கவிடுங்கள். சுவரை ஒட்டாமல் அலமாரியின் பின்னால் இரண்டு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் நிழலில் விரித்துக் காற்றாட வையுங்கள். நேர் வெயில் சாயத்தை வெளுத்துவிடும்.

செயற்கைத் தோல் உரிவதற்கு நீங்கள் பொறுப்பில்லை. பாலியூரித்தேன் பூசிய வகை காற்றின் ஈரத்தை வாங்கி நாளடைவில் வேதிமாற்றம் அடைந்து உதிரும். அலமாரிக்குள் சும்மா கிடந்தாலும் உதிரும். ஒரு வகையில் அது உங்களுக்கு நல்ல செய்தி: உங்கள் ஊர்க் காற்றில் எந்தத் துணி நிற்கும், எது நிற்காது என்பதற்குச் செலவில்லாத சோதனை உங்கள் அலமாரியிலேயே நடக்கிறது. உதிர்ந்ததன் பின்புறத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை எந்த வீட்டுக்கும் சொல்லாதீர்கள்.

வால்பேப்பரை அரிப்பது பெரும்பாலும் இராமபாணப் பூச்சி. காகிதமும் மாவுப் பசையும் அதற்கு விருந்து, ஈரமும் இருட்டும் அதற்கு வீடு. புத்தகங்களை மாதம் ஒருமுறை புரட்டி உதறினாலே பாதி ஓடிவிடும். பயன்படாத வால்பேப்பர் புத்தகங்களை வைத்திருக்காதீர்கள். அவை எப்படியும் பழையனவாகிவிடும், கனம் வேறு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மகள் உள் அலங்காரப் படிப்பு முடித்திருக்கிறாள். நகரத்தின் நடுவில் வாடகைக்கு இடம் எடுத்து, சாம்பிள் காட்சிக்கூடம் வைத்தால்தான் தொழில் நடக்கும் என்கிறாள். வேண்டியதுதானா?
— வாசகர், தஞ்சாவூர்

ஐயா, மகளிடம் கோபப்படாதீர்கள். அவள் பார்த்த பெரிய அலுவலகங்கள் எல்லாம் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் தொடக்கத்தில் வேண்டியதில்லை. காட்சிக்கூடம் வியாபாரியின் வேலை, அதை அவர் தன் செலவில் வைத்திருக்கிறார். உங்கள் மகளின் வேலை அங்கிருந்து பத்துப் பொருள்களைப் பொறுக்கி ஒன்றோடொன்று சேர்த்துக் காட்டுவது. அதற்கு இடத்தைவிடத் தட்டுதான் முக்கியம்.

ஒரு வீட்டு வேலைக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரைபடத்தின் ஏ3 தாள் படுக்கிற அளவு போதும், உள்ளே ஓர் அங்குல ஆழம். அந்த வீட்டுக்குத் தேர்ந்த லேமினேட், துணி, டைல்ஸ், பெயிண்ட் ஷேட் கார்டின் துண்டு, கைப்பிடி எல்லாம் அதற்குள். துண்டுகளின் அளவும் வீட்டில் வரப்போகும் பரப்புக்கு ஏற்றபடி இருக்கட்டும்: சுவருக்குப் பெரிய துண்டு, குஷனுக்குச் சிறிய துண்டு. எல்லாம் ஒரே அளவில் இருந்தால், ஒரு மூலையில் வரப்போகும் அடர் நீலம் வீட்டையே விழுங்குவதுபோல் தெரிந்து, வாடிக்கையாளர் பயந்துபோய் வேண்டாம் என்பார். அமெரிக்க வடிவமைப்பாளர் ஃபுளோரன்ஸ் நால் (1917–2019) அறையின் சிறிய வரைபடத்தின் மேலேயே துணித் துணுக்கையும் மரத் துணுக்கையும் அந்தந்த இடத்தில் ஒட்டிக் காட்டுவார். பெரிய நிறுவனங்களின் அலுவலகங்களுக்கே அவர் அப்படித்தான் ஒப்புதல் வாங்கினார். ஒரு கத்தரிக்கோலும் பசையும் போதும்.

வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட அன்றே ஒவ்வொரு துண்டின் பின்புறமும் அவரிடம் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிட வேண்டும். இதைச் சொல்ல இளம் வயதில் கூச்சமாக இருக்கும். ஆனால் ஆசாரி வேறு தகட்டை ஒட்டிவிட்டால், அல்லது ஒட்டியபின் "நான் சொன்னது இது இல்லையே" என்று வீட்டுக்காரர் சொன்னால், அந்தத் துண்டுதான் பேசும். வேலை முடிந்த பிறகும் தட்டைக் கலைத்து, கையெழுத்துத் துண்டுகளை மட்டும் ஓர் உறையில் போட்டு வைக்கட்டும். நாலைந்து ஆண்டு கழித்து ஒரு கதவு மாற்ற வேண்டும் என்று அதே வீட்டிலிருந்து அழைப்பு வரும்.

வீட்டுக் கூடத்தின் ஒரு சுவரை அவளுக்குக் கொடுங்கள், ஐயா. இரண்டு ஆண்டு வாடகைப் பணம் மிஞ்சும்.

இப்போது எல்லாக் கம்பெனியும் கேட்லாக்கைக் கைபேசியிலேயே அனுப்புகின்றன. சாம்பிளே தேவையா?
— வாசகர், வேலூர்

தேடுவதற்குக் கைபேசி போதும். முடிவு செய்வதற்குப் போதாது. உங்கள் திரை வேறு, வாடிக்கையாளர் திரை வேறு, வாட்ஸ்அப்பில் போய் வரும் படம் வேறு. கையால் தடவிப் பார்க்காமல் எந்த வீட்டம்மாவும் சமையலறைக் கதவுக்குப் பணம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கீல், சேனல் போன்ற இரும்புச் சாமான்களை எப்படிக் காட்டுவது? பெட்டியில் போட்டால் குழம்பிப்போகிறது.
— வாசகர், திருநெல்வேலி

பலகையில் வரிசையாகத் திருகி வைப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பலகையில் அறைந்த கீலைப் பார்த்து யாருக்கு என்ன புரியும்? 2 அடிக்கு ஒன்றரை அடியில் ஒரு சிறிய அலமாரிப் பெட்டி செய்யச் சொல்லுங்கள், உங்கள் ஆசாரியே மிச்சப் பிளைவுட்டில் அரை நாளில் முடிப்பார். அதில் மூன்று கதவு, மூன்று வகைக் கீலில் (கீலின் வளைவுக்குப் பெயர் கிராங்க்): 0 கிராங்க், 8 கிராங்க், உள்ளடங்கிய கதவுக்கு 15 கிராங்க். மூன்றையும் திறந்து மூடினால் கதவு பக்கப் பலகையை முழுதாக மூடுகிறதா, பாதி மூடுகிறதா, உள்ளே அடங்குகிறதா என்று வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் புரியும். கீழே இரண்டு இழுப்பறை, ஒன்றில் சாதாரண டெலஸ்கோபிக் சேனல், மற்றொன்றில் மெதுவாகத் தானே மூடும் சேனல். இரண்டிலும் ஆளுக்கு நாலு கிரானைட் துண்டைப் போட்டு வையுங்கள். வெறும் இழுப்பறை எல்லாமே கடையில் நன்றாகத்தான் ஓடும்.

பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டாமல் விட்டுவிடுங்கள். பிளைவுட்டின் உள் அடுக்குகள் நெருக்கமாக இருக்கின்றனவா, இடையில் ஓட்டை இருக்கிறதா என்று அங்கே காட்டலாம். ஐ.எஸ். 303 (பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்) முத்திரைப் பலகை ஒன்றையும் ஐ.எஸ். 710 (தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்) முத்திரைப் பலகை ஒன்றையும் முத்திரை தெரியும்படி வெட்டிப் பக்கத்தில் மாட்டுங்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே எதற்காகக் கூடுதல் விலை கேட்கிறீர்கள் என்று விளக்க வேண்டிவரும்போது அது உதவும்.